தருமப் பள்ளியும் போர்டுப் பள்ளியும்

பள்ளி என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் பல பொருள்களில் வழங்கிவந்துள்ளனர். சமண முனிவர் தங்கிய இடமும் பள்ளி. நாம் தொழுகை நடத்தும் இடமும் பள்ளி. பிள்ளைகள் எழுத்துக் கற்கும் கூடமும் பள்ளி. இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. இவற்றுள் எதுவும் ஒரு வீட்டாருக்கு மட்டும் உரிய இடமன்று. ஆயினும் அக்கூடத்துக்கு ஓடு வேய்வதற்கும், அங்கே கற்பிப்பவருக்கு மாதந்தோறும் சம்பளம் அளிப்பதற்கும் எவரேனும் பொருள் தந்தாக வேண்டும். பொருள் தருபவர் யார்? கணக்குப் பார்ப்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டால்தான் ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாறு நமக்கு விளங்கும்.

அரபுக் கல்வியில் பழகியோர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. கி.பி. 1067இல் பக்தாதில் திறக்கப்பெற்ற நிஜாமிய்யா மத்ரஸாவை வஜீர் நிஜாமுல் முல்க் வக்புச் சொத்துகளின் வருவாயைக் கொண்டு நடத்தினார். ஆசிரியரின் சம்பளமும் மாணவரின் உணவும் அவ்வருவாயிலிருந்தே வந்தன. வக்பு என்பது மிக உயர்ந்த கொடை. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. வக்பு செய்தவர் விதித்த நிபந்தனையே அங்குச் சட்டம். நிலம் பாழானாலோ முதவல்லி தவறினாலோ பள்ளியும் உடன் தளர்ந்துவிடும்.

இதற்கு வேறான வழி ஒன்றும் உண்டு. ஊரார் அனைவரும் வரி செலுத்தி, ஊரார் சார்பில் ஒரு சபை அமர்ந்து, பள்ளியை நடத்துவது அது. அச்சபையைத்தான் நம் பாட்டன்மார் 'போர்டு' என்றனர். அது நடத்திய பள்ளியைப் 'போர்டுப் பள்ளிக்கூடம்' என்றனர். கொடையால் நடந்த பள்ளியையும் வரியால் நடந்த பள்ளியையும் ஒருங்கே வைத்து ஆராய்வதற்குக் காவிரி கடலொடு கலக்கும் நாட்டிலுள்ள தரங்கம்பாடியைப் போல் வாய்ப்பான ஊர் பிறிதொன்றைக் காண்பது அரிது.

கடல் கடந்து வந்த கொடை

1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். வாணிகத்திற்கென வந்த அவர்கள் முதல் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர்ப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பெரிதும் எண்ணவில்லை. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இரு ஜெர்மானியப் பாதிரிமார் கரையிறங்கினர். அடுத்த ஆண்டிலேயே பள்ளிகள் தோன்றின. பெண்பிள்ளைகளுக்கும் 1707இல் பள்ளி திறக்கப்பட்டது. அங்குப் பயின்ற பிள்ளைகளுக்குக் கல்வியோடு உணவும் உடையும் இலவசமாக வழங்கப்பெற்றன. 'தருமப் பள்ளிக்கூடம்' என்னும் பெயருக்கு இவை முற்றிலும் தகுதி உடையனவாக இருந்தன.

இந்தத் தருமத்திற்குப் பொருள் எங்கிருந்து வந்தது? டென்மார்க் அரசரின் மானியம், ஜெர்மனியில் ஹாலே நகரத்து அன்பர்களின் நன்கொடை, லண்டன் மாநகரில் 1698இல் தொடங்கப்பெற்ற கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் உதவி ஆகிய மூன்று ஊற்றுகளிலிருந்து அது வந்தது. அச்சுப் பொறியும் அவ்வாறே வந்தது. 1713இல் தமிழ் எழுத்துகளில் அச்சிடும் பணி தரங்கம்பாடியில் தொடங்கிற்று. பிள்ளைகளின் கையில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் தவழ்ந்தது. 1716இல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றும் கல்விச்சாலையும் ஏற்பட்டது. சீகன்பால்கு 1719இல் இவ்வூரிலேயே மறைந்தார்.

இவை பெரும்பணிகள், அவற்றை மறுப்பது அறமாகாது. ஆனால் அப்பள்ளிகளின் நோக்கத்தை நிருணயித்தவர் கொடையாளரே. மதம் பரப்புதல் அவர்தம் நோக்கமாயிருந்தது. பாடத்தின் நடுவே வேதபாடம் அமர்ந்திருந்தது. தரங்கம்பாடியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கப்பலோட்டியும் வாணிகம் செய்தும் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பத் தயங்கியதில் வியப்பில்லை. அவர்களுடைய பிள்ளைகள் லெப்பையிடமும் ஆலிமிடமும் ஓதினர். குர்ஆனை ஓதவும் அரபுத் தமிழை வாசிக்கவும் கற்றனர். அரபுத் தமிழில் மார்க்க நூல்களைப் படிக்க வல்ல பெண்மணிகள் நம் வீடுகளில் இருந்தனர். ஆயினும் ஊர் நிர்வாகம், நிலக் கணக்கு, நீதிமன்றம் ஆகியவற்றில் புழங்கிய எழுத்து அவர்களுக்கு எட்டாமல் நின்றது.

கொடையாளியின் கை தளர்ந்தபோது

கடல் கடந்து வரும் கொடை கடலில் எழும் புயலுக்கும் ஆட்பட்டதே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலே நகரத்து ஆதரவு குறைந்தது. ஐரோப்பாவில் நெப்போலியன் போர்கள் மூண்டன. அவற்றின் விளைவாக 1808இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றி 1815 வரை தம் வசம் வைத்திருந்தனர். இக்காலத்தில்தான் ஜான் என்னும் முதிய பாதிரியார், மதப் பாகுபாடின்றி ஊர்ப் பிள்ளைகள் பயிலத்தக்க இலவசப் பள்ளிகளைச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் பரப்ப முயன்றார். 1813இல் அவர் மறைந்தார். அதன்பின் அம்முயற்சியும் வலுவிழந்தது. ஒருவருடைய ஆர்வத்தை நம்பி நிற்கும் பள்ளி அவருடைய ஆயுளைக் கடந்து வாழ்வது கடினம் என்பதற்கு இது தக்க சான்று.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. அவருடைய இளமைக்கு வழிகாட்டியாயிருந்த ஷ்வார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரியே. சரபோஜி ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரத்தில் அன்னதானத்தோடு கல்வித் தானமும் நடந்தது. இதுவும் சிறந்த கொடையே. ஆனால் 1855இல் தஞ்சை அரச மரபு ஆங்கிலேயரால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டபின், சத்திரங்களின் சொத்து வேறு கைகளுக்குப் போயிற்று. அது எவ்வாறு பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1822இல் சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதிலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன என்றும், அவற்றில் 1,88,650 பிள்ளைகள் பயின்றனர் என்றும் 1826இல் அவர் எழுதினார். தரங்கம்பாடி அப்போது டேனிஷ் ஆட்சியில் இருந்தமையால் அக்கணக்கில் அடங்கவில்லை. ஒவ்வொரு கலெக்டர் எல்லையிலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரண்டு தலைமைப் பள்ளிகளும், தாசில்தார்கள்தோறும் சிறு பள்ளிகளும் நிறுவ வேண்டும் என்பது மன்றோவின் திட்டம். அவர் 1827இல் காலமானார். பத்தாண்டுகள் கழிவதற்குள் அத்திட்டமும் கைவிடப்பட்டது. தருமவான் மட்டுமன்றி அரசாங்க அதிகாரியும் ஒரு தனி மனிதர்தாம் என்பதை இங்கு உணர்கிறோம்.

1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் சேரம்பூரும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. கோட்டையும் துறைமுகமும் கைமாறின. பள்ளிகள் மட்டும் லைப்சிக் மிஷனின் பொறுப்பில் நின்றன. நாகப்பட்டினத்திலிருந்து 1861இல் இருப்புப்பாதை புறப்பட்டதும் வாணிகம் அங்கே பெயர்ந்தது. தரங்கம்பாடி சிற்றூர் நிலைக்கு இறங்கிற்று. பிற்காலத்தில் முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மானியப் பாதிரிமார் வெளியேற்றப்பட்டனர். சுவீடன் நாட்டு மிஷன் பள்ளிகளைத் தாங்கிற்று. இருநூறு ஆண்டுகளில் எத்தனை முறை இவ்வூர்ப் பள்ளியின் விதி ஐரோப்பாவில் எழுதப்பட்டது என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரி கொடுத்து வாங்கிய உரிமை

ஊரார் தாமே வரி செலுத்திப் பள்ளி நடத்தலாம் என்னும் எண்ணம் சென்னை மாகாணத்தில் மற்றொரு ஆற்றின் கழிமுகத்தில் முளைத்தது. 1850களில் கோதாவரிக் கரை நாட்டில், டெய்லர் என்னும் உதவிக் கலெக்டரின் ஊக்கத்தால், கிராமத்தார் நிலவரியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுத்துப் பள்ளிகளை நடத்த இசைந்தனர். அதனை ஒட்டி 1863இல் சென்னைக் கல்விச் சட்டம் பிறந்தது. எந்த ஊரார் விரும்பினாலும் தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டு, கமிஷனர்களை அமர்த்திப் பள்ளியை நடத்தலாம் என்றது அச்சட்டம். ஆனால் தாமாக வரி கேட்டு முன்வந்த ஊர்கள் மிகச் சிலவே. ஊரார் விருப்பத்தை மட்டும் நம்பிய அச்சட்டம் ஏட்டளவில் நின்றது.

1870இல் இங்கிலாந்தில் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பெறும் பள்ளிச் சபைகள் தோன்றின. பாராளுமன்றத் தேர்தலில் வாக்கில்லாத அந்நாட்டுப் பெண்கள் இச்சபைகளுக்கு வாக்களிக்கவும் உறுப்பினராகவும் உரிமை பெற்றனர். அடுத்த ஆண்டே, 1871இல், சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டமும் நகர அபிவிருத்திச் சட்டமும் வந்தன. நிலவரியோடு சேர்த்துத் தண்டப்பெற்ற சாலை வரியால் பாதைகள், மருத்துவசாலைகள், பள்ளிகள் ஆகியன பராமரிக்கப்பட்டன. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தை அடுத்து 1884இல் உள்ளூர் போர்டுச் சட்டம் நிறைவேறிற்று. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என மூன்று படிகள் ஏற்பட்டன. மாயவரம் தாலுகாவில் அடங்கிய தரங்கம்பாடியும் அந்த அமைப்புக்குள் வந்தது.

தொடக்கத்தில் இவற்றின் உறுப்பினருள் பெரும்பாலோர் நியமனம் பெற்றவரே; தலைமையில் அதிகாரிகளே அமர்ந்தனர். எனினும் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்துவிட்டது. ஒரு கிராமத்தார், 'எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் ஏன் இல்லை?' என்று கேட்பதற்கு ஓர் இடம் கிடைத்தது. கொடையாளியிடம் வேண்டிக்கொள்ளலாம், கணக்குக் கேட்க இயலாது. வரி வாங்குபவரிடம் கணக்குக் கேட்கலாம். தஞ்சை ஜில்லா போர்டு நிலவரியோடு தனி வரி தண்டி மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் இருப்புப்பாதையே அமைத்தது என்றால், ஊர்ப் பணம் ஒன்றுசேரும்போது எவ்வளவு ஆற்றல் பெறும் என்பது விளங்கும்.

நம் பிள்ளைகளும் போர்டுப் பள்ளியும்

முஸ்லிம்களின் கல்விக்கு இதனால் விளைந்த பயன் யாது? 1872இல் சென்னை அரசு, முஸ்லிம்கள் மிகுந்து வாழும் இடங்களில் தொடக்கப் பள்ளிகளை ஏற்படுத்துமாறு ஆணையிட்டது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, முஸ்லிம்களின் மக்தபுகள் பொதுப் பாடங்களையும் சேர்த்துக் கற்பித்தால் அவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்றும், அதற்கு உள்ளூர் நிதி உதவ வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதன் பின்னரே நம் குடியிருப்புகளில் முஸ்லிம் தொடக்கப் பள்ளிகள் படிப்படியாகத் தோன்றலாயின. அவற்றுள் பலவற்றில் வெள்ளிக்கிழமை விடுமுறையாயிற்று. காலையில் ஓதிவிட்டுப் பின்னர்ப் பள்ளிக்குச் செல்லும் வழக்கம் நிலைபெற்றது.

மிஷன் பள்ளிகளே கல்வியின் முகமாயிருந்த தரங்கம்பாடி போன்ற ஊர்களில் போர்டுப் பள்ளியின் சிறப்பு மேலும் தெளிவாகப் புலப்படும். அங்கு வேதபாடம் இல்லை. எந்த மதத்தின் பெயராலும் பாடம் நடப்பதில்லை. ஏனெனில் அதற்குப் பொருள் தந்தவர் எல்லா மதத்தவரும் ஆவர். உழவன் செலுத்திய நிலவரியும் மரக்காயர் செலுத்திய வரியும் ஒரே பெட்டியில் விழுந்தன. ஆகவே அக்கூடம் எல்லார்க்கும் உரியதாயிற்று. மார்க்கத்தை விட்டுக்கொடுக்காமல் உலகக் கல்வியைப் பெறுவதற்கு நம் முன்னோர்க்குத் திறந்த நேரான வாயில் அதுவே. அந்த வாயில் திறந்தும் பல ஆண்டுகள் நம்மவர் தயங்கி நின்றனர் என்பதும் உண்மை. பெண்மக்களைப் பொறுத்தவரை அத்தயக்கம் இன்னும் நீண்டது.

சபையில் எழுந்த வினாக்கள்

1920ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் நிறைவேறின. புதிய உள்ளூர் போர்டுச் சட்டம் தேர்தல் முறையை விரிவாக்கிற்று. தொடக்கக் கல்விச் சட்டம், கல்வி வரி விதிக்கவும், அரசின் இசைவோடு கட்டாயக் கல்வியைப் புகுத்தவும் உள்ளூர்ச் சபைகளுக்கு அதிகாரம் அளித்தது. ஜில்லா தோறும் கல்விக் கவுன்சில்களை அமைத்தது. 1930ஆம் ஆண்டுத் திருத்தம் நியமன முறையை ஒழித்து, முஸ்லிம்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் பெண்களுக்கும் சபைகளில் இடம் ஒதுக்கிற்று.

சபை என்று ஒன்று இருந்தால் வினா எழும். தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக 1920களில் விளங்கிய ஏ. டி. பன்னீர்செல்வம் எழுப்பிய வினா புகழ் பெற்றது. மராட்டிய மன்னர்கள் விட்டுச்சென்ற சத்திரங்கள் அப்போது ஜில்லா போர்டின் மேற்பார்வையில் இருந்தன. அவற்றின் வருவாய் ஒரு சாராருக்கே பயன்படுவது முறையா என்று அவர் கேட்டார். அதன் விளைவாக ஒரத்தநாடு, இராசாமடம் ஆகிய இடங்களில் எல்லா வகுப்பைச் சேர்ந்த ஏழை மாணவர்களும் தங்கிப் பயில விடுதி வசதி பிறந்தது. வடமொழி மட்டும் கற்பிக்கப்பட்ட திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்பும் இடம்பெற்றது. மன்னர் செய்த தருமம் சபையின் கைக்கு வந்தபோதுதான் அதன் கதவு அகலத் திறந்தது.

குறைகளும் இருந்தன. கட்சிப் பகை போர்டுகளுக்குள் புகுந்தது. தலைவருக்கு வேண்டாத ஆசிரியர் தொலைவிலுள்ள ஊருக்கு மாற்றப்பட்டார். ஆசிரியரின் சம்பளம் உரிய நாளில் கிடைக்காத இடங்களும் உண்டு. 1934இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டு அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டிடம் சேர்ந்தன. கிராமத்துக்கும் சபைக்கும் இடையே இருந்த தூரம் அன்றே ஒரு படி நீண்டுவிட்டது.

அரசின் கைக்குப் போன பள்ளி

விடுதலைக்குப் பின் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் கல்வி நாடெங்கும் பரவிற்று. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் அரசு ஒரு பங்கு தர, ஊரார் ஒரு பங்கு தந்தனர். 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, மணி, கரும்பலகை, கட்டடம் என மக்கள் தம்மால் இயன்றதை அளித்தனர். பழைய கொடையுள்ளமும் புதிய பொதுப் பள்ளியும் அங்கு கைகோத்தன. இக்காலத்தை ஒட்டியே முஸ்லிம் பெருமக்களின் கொடையும் உயர்கல்வியின் பக்கம் திரும்பிற்று. 1951இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும், 1955இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியும் தோன்றின.

1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தால் ஜில்லா போர்டுகள் மறைந்தன. 1960 முதல் பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றித் தொடக்கப் பள்ளிகளை ஏற்றன. போர்டு உயர்நிலைப் பள்ளிகளை 1970இல் அரசு ஏற்றது. 1981இல் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியருக்கு இதனால் விளைந்த நன்மை மிகப் பெரிது; திங்கள் முதல் நாளில் சம்பளம் உறுதியாயிற்று, உள்ளூர்ப் பெரியவரின் கோபத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் நன்மையே. ஏழை ஊரின் பள்ளியும் செல்வ ஊரின் பள்ளியும் ஒரே கருவூலத்திலிருந்து பொருள் பெறலாயின.

ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்னும் பலகை இன்றும் வாயிலில் தொங்குகிறது. ஆனால் ஊரார் அதனை 'கவர்மெண்ட் பள்ளிக்கூடம்' என்றே அழைக்கின்றனர். 'எங்கள் பள்ளி' என்னும் உணர்வு தேய்ந்துவிட்டது. வரியை நாம் இன்றும் செலுத்துகிறோம். கடையில் வாங்கும் சவர்க்காரத்திலும் தீப்பெட்டியிலும் அது அடங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வரியாதலால் கணக்குக் கேட்கும் எண்ணமும் கண்ணை விட்டு மறைந்துவிட்டது.

மீண்டும் கிடைத்த ஆசனம்

இழந்த ஆசனத்தை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வேறொரு வடிவில் மீட்டுத் தந்துள்ளது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் அங்குப் பயிலும் பிள்ளைகளின் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. பள்ளி பெறும் நிதி எவ்வாறு செலவாயிற்று என்று பார்ப்பதும், பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் அக்குழுவின் கடமைகள். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022இலும் 2024இலும் புதிதாக அமைக்கப்பட்டன. மத்ரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியுள்ளது. ஆகவே மார்க்கக் கல்விக்கு இதனால் ஊறு நேருமோ என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை.

1884இல் நியமன உறுப்பினருக்கும் அரிதாயிருந்த உரிமை, இன்று நம் தெருவிலுள்ள ஒரு தாயின் வாயிலுக்கு வந்து நிற்கிறது. 1930இல் நமக்கென இடம் ஒதுக்கப்பட்டபோது வரி செலுத்துவோரே வாக்களிக்க முடிந்தது. இன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே போதிய தகுதி. இருந்தும் கூட்டம் நடைபெறும் நாளில் நாற்காலிகள் நிறைவதில்லை என்பது ஆசிரியர் பலரும் அறிந்ததே. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்புவதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவோரும் உளர்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு ரூபாய்க் கணக்குத் தவறினாலும் ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்று கேட்கும் ஊர் நம் ஊர். அது நம்மிடம் உள்ள நல்ல பழக்கம். அமானிதம் என்பதன் பொருளை அறிந்தோர் செய்வது. அதே அமானிதம்தான் தெருமுனையில் உள்ள தொடக்கப் பள்ளியும். அங்கே குடிநீர்த் தொட்டி தூய்மையாக உள்ளதா, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை உண்டா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பத்திரிகையைப் பிழையின்றி வாசிக்கிறதா என்று கேட்பதற்கு நமக்குச் சட்டம் ஆசனம் தந்திருக்கிறது. நம் ஜமாஅத்துகள் மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் நாளை ஜும்ஆ அறிவிப்போடு சேர்த்து அறிவித்தல் வேண்டும். குழுவில் இடம்பெற்ற தாய்மார்கள் தவறாமல் செல்வதற்கு வீட்டார் துணைநிற்றல் வேண்டும்.

சீகன்பால்குவின் பள்ளிக்கு டென்மார்க் அரசர் பொருள் தந்தார். ஒரத்தநாட்டுப் பள்ளிக்குச் சரபோஜி மன்னர் தந்தார். இன்றைய பள்ளிக்கு நாமே தருகிறோம். ஆகவே அங்கே சென்று அமர்ந்து கணக்குக் கேட்கும் கடமையும் நம்முடையதே.